சாயத்தண்ணியும் வெந்த நாக்கும்

கொத்மலைத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிருக்கு முதல் மருந்து சாயத்தண்ணிதான். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குடித்து, நாக்கு நுனி மரத்து, அண்ணத்தில் தோல் உரிவது பலருக்கும் பழகிப்போன தொல்லை. உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் மலைநாட்டுத் தேநீர் அவ்வளவாகச் சுடாதே என்று கேட்கலாம். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. 700 மீற்றர் உயரத்து கொத்மலை நீர்த்தேக்கக் கரையில் அது 97, 98 பாகை செல்சியசு. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94. வெறும் 60 பாகைத் தண்ணீரே ஐந்தாறு விநாடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும்.

அப்படியானால் தினமும் வாய் வெந்துபோகாதது ஏன்? சூட்டின் அளவோடு, அது ஓரிடத்தில் தங்கும் நேரமும் சேர்ந்தே புண்ணைத் தீர்மானிக்கிறது. உறிஞ்சிக் குடிக்கும்போது கூடவே காற்று புகுந்து ஆவியாதலைக் கூட்டுகிறது, எச்சில் கலக்கிறது, மிடறு நிற்காமல் இறங்கிவிடுகிறது. அவித்த உருளைக்கிழங்குக்கு இந்தச் சலுகை இல்லை. தோல் ஆறினாலும் உள்ளே ஈரமும் சூடும் அடைபட்டுக் கிடக்கும். கடித்ததும் மாவு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டுப் பார்த்து அதை நம்புவது ஆபத்து. இன்னொன்று: கட்டைச்சம்பலோடு ரொட்டி தின்ற வாயில் தேத்தண்ணி கூடுதலாகச் சுடுவது பிரமை அல்ல. நரம்பு நுனிகளில் சுமார் 43 பாகையில் திறக்கும் ஒரு புரதத்தையே மிளகாயின் காரமும் திறக்கிறது. 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

காலங்காலமாகக் குடிக்கிறோமே, என்ன ஆகிவிட்டது என்பார்கள். வாய் சீக்கிரம் ஆறிவிடுவதால் எழும் நம்பிக்கை அது. உணவுக்குழாய் அப்படி முறையிடுவதில்லை. 65 பாகைக்கு மேற்பட்ட பானங்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என 2016இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்தில் 50,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், 60 பாகையும் அதற்கு மேலுமான தேநீரை நாளுக்கு 700 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம், ஆறவைத்துக் குறைவாகக் குடித்தவர்களைவிட ஏறக்குறைய 90 வீதம் கூடுதலாக இருந்தது. ஈரான் வேறு, மலையகம் வேறுதான். குற்றமும் கொழுந்தினுடையது அல்ல, சூட்டினுடையது. ஆனால் புகையிலையோடு வெற்றிலை போடுவதும் அதே குழாய்க்குக் கேடு என்று உறுதியாகியிருக்கிறது. இரண்டு பழக்கமும் ஒருவரிடமே இருந்தால் சூட்டையாவது குறைப்பது அவசரமான வேலை. இரண்டு கோப்பைகளுக்கிடையே நாலைந்து தடவை ஆற்றி, சற்றுப் பொறுத்துக் குடித்தால் போதும். சுட்டுவிட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரைச் சில நிமிடம் வாயில் மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டும். பற்பசை பூசக் கூடாது. சாதாரணப் புண் ஒரு வாரத்தில் ஆறும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணைச் சூட்டின் கணக்கில் எழுதிவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.