பழகிப்போன நெடி, பழகாத நஞ்சு

2018 ஜூனில் வாளையாறு சோதனைச் சாவடியில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்டபோது, தமிழகத்திலும் அச்சம் பரவியது. தட்டில் வரும் பார்மலினுக்கு அஞ்சிய நாம், அதை அன்றாடம் சுவாசிப்போரைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

தென்னூரை அடுத்த புத்தூரில் அரசு மருத்துவமனை உள்ளது. 1997 முதல் திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எந்த ஊர் மருத்துவக் கல்லூரியாயினும், உடலங்களையும் திசுக்களையும் கெடாமல் காக்கப் பார்மலின் தேவை. மாணவர் சில மணி நேரம் இருந்து செல்வர். பிணவறை உதவியாளரும் துப்புரவுத் தொழிலாளரும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே உழைப்பர். பிணத்தைத் தொடுவதைத் தீட்டென்று ஒதுக்கிய சாதியமைப்பு, அவ்வேலையைத் தலித் மக்கள்மீது சுமத்தியது. அந்தச் சுமை இன்றும் முழுமையாக இறங்கவில்லை.

பார்மலினிலிருந்து எழும் பார்மால்டிகைடு வாயு மூக்கின் ஈரப்படலத்தில் உடனே கரைகிறது. தூசியை வெளித்தள்ளும் நுண்மயிர்களின் இயக்கத்தை அது தளர்த்துகிறது, புரதங்களோடு பிணைகிறது. அரண் தளர்ந்த சளிப்படலத்தில் பிற ஒவ்வாமைப் பொருள்கள் எளிதில் நுழையக்கூடும். இவ்வாயுவைச் சுவாசித்த கினிப்பன்றிகள் முட்டைப் புரதத்துக்கு எளிதில் ஒவ்வாமை கொண்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறைப்பு மிகலாம்.

உயிரணுக்களில் மரபுப்பொருளையும் புரதத்தையும் அது பிணைத்துவிடுகிறது. செறிவு மிகும்போது உயிரணுக்கள் மடிகின்றன; ஈடுசெய்யப் புதியவை விரைந்து பிரிகின்றன. அவ்விரைவில் பிழைகள் நிலைபெற்றுக் கட்டி தோன்றுகிறது. 1980களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வில், பத்து லட்சத்தில் ஏறத்தாழ 14 பங்கு செறிவில் சுவாசித்த எலிகளுக்கு மூக்கில் புற்றுநோய் பெருமளவில் வந்தது. 2 பங்கில் வரவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது. 2009இல் இரத்தப் புற்றுநோயையும் சேர்த்தது.

எனவே செறிவைக் குறைப்பதே உயிரைக் காக்கும் வழி. "பழகிவிட்டது" என்று தொழிலாளர் கூறுவது பாதுகாப்பின் அடையாளமன்று; நெடியை உணரும் திறன் மங்குகிறது, நஞ்சு மங்குவதில்லை. துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. அமெரிக்கச் சட்டம் எட்டு மணி நேரச் சராசரியாக 0.75 பங்கையே அனுமதிக்கிறது.

மேசையருகிலேயே வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு, வாயு வடிகட்டிக் கவசம், காற்றளவீடு, ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உரிமையாகக் கோருவோம். மருத்துவ மாணவர்களே, அவ்வறையின் காற்று அளக்கப்பட்டதா என்று முதலில் நீங்கள் கேளுங்கள்.