ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு செமஸ்டர்: வரவும் செலவும்

எம்பிஏ நிதிப் பிரிவில் படிக்கும் பிள்ளை, “ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது” என்று சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி “எவ்வளவு ஆகும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த செமஸ்டர் என்றைக்கு முடிகிறது?

பல ஐஐஎம்களில் பரிமாற்ற மாணவர்கள் வெளிநாடு போவது இரண்டாம் ஆண்டின் ஐந்தாவது டெர்மில், ஏறக்குறைய செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிலோ குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவரை நீளும்; தேர்வுகள் அதன் கடைசியில். இங்கே கேம்பஸ் பிளேஸ்மென்ட் சூடுபிடிக்கும்போது மாணவர் அங்கே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார். கோதே பல்கலைக்கழகமும், தனியார் வணிகக் கல்வி நிறுவனமான ஃபிராங்க்ஃபர்ட் ஸ்கூலும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டின் காலண்டரும் ஒன்றல்ல. பின்னதில் வகுப்புகள் முன்னதாகவே தொடங்கி, பெரும்பாலும் டிசம்பரோடு முடிந்துவிடும். தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

கட்டணக் கணக்கு எளிது. பரிமாற்ற ஒப்பந்தத்தின்கீழ் போகிறவர் தன் கல்லூரிக்குக் கட்டும் கட்டணத்தைக் கட்டினால் போதும், போகிற இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து இங்கே வருகிறவருக்கும் அதே ஏற்பாடு. ஒப்பந்தம் இல்லாமல் சொந்தமாக இடம் தேடிப் போகிறவர்தான் அங்குள்ள கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும்.

படிப்பின் சுமை பலர் நினைப்பதைவிட அதிகம். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம். இதில் வகுப்பில் உட்காருவது சிறு பகுதிதான், மீதி தானாகப் படிப்பது. இன்டர்னல் மார்க்கை நம்பி ஓட்டிப் பழகியவர்களுக்குக் கடைசியில் வரும் ஒரே ஒரு எழுத்துத் தேர்வு அதிர்ச்சி தரும். மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. இதை நம் கிரேடாக மாற்றும் விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதிவாகும்.

எவ்வளவு ஆகும்?

தங்குவது 90 நாளைத் தாண்டினால் ஷெங்கன் சுற்றுலா விசா உதவாது. ஜெர்மனியின் தேசிய விசா வேண்டும். அதற்குச் செலவுப் பணம் இருப்பதைக் காட்ட, ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் முன்கூட்டியே போட்டுவைப்பது வழக்கமான வழி. 2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை இது. போட்ட பணம் அங்கே போனபின் மாதாமாதம் நம் கைக்கே திரும்பி வரும்.

ஐந்து மாதம் என்றால் 4,960 யூரோ. 2025 ஜனவரியில் ஒரு யூரோ 89 ரூபாயை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 103ஐ ஒட்டி. முன்னதில் சுமார் 4 லட்சத்து 41 ஆயிரம், பின்னதில் 5 லட்சத்து 11 ஆயிரம். ஒரே படிப்பு, ஒரே அறை, ஒரே சாப்பாடு. எட்டு மாதத்தில் 70 ஆயிரம் ரூபாய் கூடிவிட்டது. அந்நியச் செலாவணி அபாயத்தை எப்படிச் சமாளிப்பது என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதும் மாணவர்கள், தங்கள் சொந்த யூரோவைக் கடைசி வாரத்தில் போய் வாங்குவது வேடிக்கைதான். இடம் உறுதியானதுமே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தால் சராசரி விலையாவது கிடைக்கும். அனுப்பும் தொகை நிதியாண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டாதவரை, 2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி வங்கி டிசிஎஸ் வரி பிடிக்காது.

இன்னொரு ஓட்டை, ஏடிஎம் திரையில் இருக்கிறது. இந்திய அட்டையைச் செருகினால், “ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவில் கழிக்கட்டுமா?” என்று சில இயந்திரங்கள் கேட்கும். ரூபாய் என்றதும் மனசுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் அந்த விகிதத்தை நிர்ணயிப்பது அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர். அவருடைய லாபமும் அதற்குள்ளேயே இருக்கிறது. யூரோவைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

வீட்டு வாடகைக்கு முன்பணமாகச் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை கேட்கலாம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது சலுகையாகத் தெரியும். ஆனால் அறையைக் காலி செய்த அன்றே அது கைக்கு வராது. கணக்குப் பார்த்துத் திருப்பித் தர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்க வேண்டும்.

சரி, அப்படி என்ன கிடைக்கிறது?

ஐரோப்பிய மத்திய வங்கி, ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பேங்க், பெரிய பங்குச் சந்தை எல்லாம் ஒரே ஊரில் இருப்பது பெரிய வசதி. ஐரோப்பிய மத்திய வங்கியின் கோபுரம் நிற்பது 1928இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய காய்கறி மொத்தச் சந்தையின் வளாகத்தில். புண்டஸ்பேங்கின் பண அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு செமஸ்டர் தேவையில்லை.

பணத்தை வேறு மாதிரி ஏற்பாடு செய்துவைத்திருக்கும் சமூகம் ஒன்றுக்குள் இருந்து படிப்பதுதான் வரவு. சின்ன உதாரணம், பங்குச் சந்தைக் குறியீடு. செய்திகளில் வரும் ஜெர்மனியின் டாக்ஸ் எண், நிறுவனங்கள் தரும் டிவிடெண்டை மறுபடி முதலீடு செய்ததாகக் கொண்டு கணக்கிடப்படுவது. செய்திகளில் வரும் சென்செக்ஸ், நிஃப்டி எண்களில் டிவிடெண்ட் சேராது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு ‘எது அதிகம் ஏறியது’ என்று சொல்பவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் டிவிடெண்டைச் சேர்த்துக் கொடுக்கிறார்.

நிறுவன நிர்வாகமும் அப்படித்தான். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் பெரிய கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. வாக்குகள் சமமானால் தலைவரின் இரண்டாவது வாக்கு தீர்மானிக்கும். குடும்ப நிறுவனங்களும் பொதுத்துறையுமாகப் பார்த்து வளர்ந்த நம் மாணவருக்கு, ‘பங்குதாரர் நலனே முதன்மை’ என்ற பாடப்புத்தக வாக்கியம் எல்லா ஊருக்கும் பொதுவானதல்ல என்பது அங்கேதான் உறைக்கும்.

வயர்கார்டு வழக்கைப் படிக்காமல் யாரும் திரும்ப வேண்டாம். டாக்ஸ் பட்டியலில் இருந்த இந்தப் பணப்பரிமாற்ற நிறுவனம், 190 கோடி யூரோ இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று தெரியவந்ததும் 2020 ஜூனில் திவாலானது. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணம் அது. இந்தக் கதையில் சென்னையும் வருகிறது: 2015இல் இங்குள்ள ஒரு குழுமத்தின் பணப்பரிமாற்ற வணிகத்தை 34 கோடி யூரோ வரை விலைபேசி வயர்கார்டு வாங்கியது பின்னாளில் பெரும் கேள்விகளுக்கு உள்ளானது. ஆடிட்டர், கண்காணிப்பு அமைப்பு, பத்திரிகை ஆகிய மூன்றில் யார் விழித்திருந்தார்கள் என்று ஜெர்மனியிலேயே விவாதிப்பது தனி அனுபவம்.

எல்லாவற்றிலும் அவர்கள்தான் முன்னால் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் பங்கு விற்ற மறு வேலைநாளே கணக்கு முடியும் முறை 2023 ஜனவரியில் முழுமையாக வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வைத்திருக்கும் நாள் 2027 அக்டோபர் 11. யுபிஐ பழகிய கை, ரொட்டிக் கடையில் சில்லறை தேடும்.

என் கணிப்பு இது: வங்கி, இடர் மேலாண்மை, ஒழுங்குமுறை போன்ற துறைகளில் வேலை தேடுகிறவருக்கு ஃபிராங்க்ஃபர்ட் செமஸ்டர் செலவுக்குத் தகுந்த வரவு. வாரம் ஒரு நாடு பார்க்கும் திட்டத்தோடு போகிறவருக்கு அது விலை கூடிய சுற்றுலா. எப்படியானாலும், சென்ற ஆண்டுகளில் போய் வந்தவர்களுக்கு எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட் ஏற்கப்பட்டது என்ற பட்டியலைக் கல்லூரியின் சர்வதேச அலுவலகத்தில் முதலில் கேட்டு வாங்குங்கள். அது கையில் வராமல் விமான டிக்கெட் போட வேண்டாம்.