கிழிந்த ஆணுறையும் கேட்கப்படும் கையொப்பமும்

ஆணுறை கிழிவது ஒழுக்கக்கேடு அன்று, விபத்து. காலாவதியான உறையும், பணப்பைக்குள் வெப்பத்தில் கிடந்த உறையும், எண்ணெய் பட்ட ரப்பர் உறையும் எளிதில் கிழியும். கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை உட்கொள்ளலாம்; எவ்வளவு விரைவோ அவ்வளவு பலன். ஐந்து நாள்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வதும் ஒரு வழி. மருந்துச் சீட்டின்றி விற்கத்தக்க அம்மாத்திரை தமிழ்நாட்டின் மருந்துக் கடைகள் பலவற்றில் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

கரு உருவாகிவிட்டால்? கருத்தடை தோற்றதை 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமே காரணமாக ஏற்றது. ஆனால் மணமான பெண்ணுக்கு மட்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் ‘கணவர்’ என்ற சொல்லை நீக்கி ‘இணையர்’ என்றாக்கியது. 20 வாரம் வரை பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தே போதும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவரது சம்மதம் மட்டுமே தேவை. குடும்பத்தாரின் ஒப்புதல் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

ஆயினும் “வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வா” என்பதே பல மருத்துவமனைகளின் முதற்சொல். சாதி கடந்து காதலிக்கும் பெண்ணுக்கு அச்சொல் உயிராபத்து. இங்குதான் 5அ பிரிவு முதன்மை பெறுகிறது: சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறெவரிடமும் அவரது பெயரையோ விவரங்களையோ வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். துணைக்குச் செல்லும் தோழர்கள் இப்பிரிவின் நகலை உடன் கொண்டுசெல்க. சிகிச்சை மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.