மையவாடியும் வர்த்தமானியும்

எங்கள் ஊர் மையவாடியில் கப்று வெட்டும் காக்கா ஒருவர் 2020 ஏப்ரலில் என்னிடம் கேட்டார்: "நம்மட மையித்த நம்மட மையவாடில அடக்குறத்துக்கு ஆருட்டத் தம்பி கேக்கணும்? இது வக்புக் காணிதானே?"

"காணி நம்மடதுதான் காக்கா" என்று மட்டும் சொன்னேன். மிச்சம் எனக்கே தெரியாது. பிறகு தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காணி வேறு, அனுமதி வேறு. மையவாடி பள்ளிவாசலுக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் அங்கே ஒருவரை அடக்கும் காரியம் 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மயானங்கள், புதைநிலங்கள் கட்டளைச் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது. அதோடு மரணத்தைப் பதியவும் வேண்டும். சாதாரண காலத்தில் இதெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியோடு முடிந்துவிடும். காலையில் மௌத்தானால் லுஹருக்கோ அஸருக்கோ அடக்கிவிடுவோம். அனுமதி என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

எங்களைத் தாக்கியது அந்தச் சட்டமல்ல, அதற்கு இரண்டு வருஷம் மூத்தது. பம்பாயில் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் கீழ் ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரம் இன்று சுகாதார அமைச்சரிடம் இருக்கிறது. ஒரு சட்டத்தை மாற்றப் பாராளுமன்றத்தில் விவாதமும் வாக்கெடுப்பும் வேண்டும். ஒழுங்குவிதியை மாற்ற அமைச்சரின் கையெழுத்தும் ஒரு வர்த்தமானியும் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24இல் வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று இருந்தது. நம் நாட்டின் முதல் வழிகாட்டலும் அடக்கத்துக்கு இடம் வைத்திருந்தது. மார்ச் 31இல் அது திருத்தப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய 2170/8ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி 61அ என்ற புதிய ஒழுங்குவிதியைச் சேர்த்தது. 61ஆம் 62ஆம் ஒழுங்குவிதிகளில் என்ன இருந்தாலும், கொவிட்-19ஆல் இறந்தவரின், அவ்வாறு இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் உடல் எரிக்கப்பட வேண்டும். 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பம், 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம். சாம்பலை உறவினர் கேட்டால் கொடுக்கலாம். கபன் துணி, குளிப்பாட்டல், ஜனாஸாத் தொழுகை எதற்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. "சந்தேகிக்கப்படுபவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பரிசோதனை முடிவு வருமுன்னே எரித்துவிடவும் அது வழி விட்டது.

நிலத்தடி நீர் மாசுபடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வைரஸ் உயிருள்ள கலத்துக்குள்தான் பெருகும், மையித்துக்குள் பெருகாது. ஹொங்கொங்கில் பணிபுரியும் நம் நாட்டு வைரஸ் நிபுணர் மலிக் பீரிஸ் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு என்றே சொன்னார். டிசம்பர் கடைசியில் இலங்கைச் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அடக்கத்தால் நோய் பரவும் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை என்றது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் சாம்பல்கூட வாங்கப்படாமல் இருந்தது. அடக்க வேண்டிய மையித்தைச் சாம்பலாகக் கையில் வாங்க யாருக்குத்தான் மனம் வரும்?

அரசியலமைப்பு காப்பாற்றாதா என்று பலர் கேட்டார்கள். 10ஆம் உறுப்புரை மதம் சார்ந்த சுதந்திரத்தை நிபந்தனையின்றித் தருகிறது. 14(1)(உ) மதத்தை அனுசரிக்கும் உரிமையைத் தருகிறது. இந்த இரண்டாவதைப் பொதுச் சுகாதாரத்துக்காக மட்டுப்படுத்தலாம் என்று 15(7) சொல்கிறது, ஆனால் "சட்டத்தினால்" மட்டுமே. 170ஆம் உறுப்புரையின்படி "சட்டம்" என்றால் பாராளுமன்றச் சட்டமும் அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டவாக்க சபைகளின் சட்டங்களும்தான். பொதுமக்கள் பாதுகாப்பு பற்றிய ஒழுங்குவிதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 15(7) தனியாகச் சொல்கிறது. நோய்த் தடுப்பு ஒழுங்குவிதிகளைப் பற்றி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் அமைச்சர் எழுதிய 61அ ஓர் அடிப்படை உரிமையை மட்டுப்படுத்தும் "சட்டமா"? முழு விவகாரத்தின் முடிச்சும் இதில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன். உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1இல் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலேயே, காரணமும் சொல்லாமல், பெரும்பான்மை முடிவால் தள்ளிவிட்டது. கேள்வி அப்படியே கிடக்கிறது.

அடுத்த வாரமே பிறந்து இருபது நாளான ஒரு பச்சைப் பிள்ளை, பெற்றோரின் சம்மதமில்லாமல் பொரளையில் எரிக்கப்பட்டது. கனத்தை மயான வேலியில் எல்லாச் சமூகத்தாரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள்.

2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி திருத்தப்பட்டு அடக்கத்துக்கு அனுமதி வந்தது. பட்டாசு கொளுத்தாத குறையாகச் சந்தோஷப்பட்டோம். வாசகத்தை நாங்கள் முழுசாக வாசிக்கவில்லை. அடக்கலாம், ஆனால் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் பணிப்புரைப்படி, அதிகாரி அங்கீகரித்த இடத்தில். "இடம்" என்ற அந்த ஒரு சொல்தான் முதலில் இரணைதீவைக் காட்டியது. அங்குள்ள மீனவக் குடும்பங்கள் எதிர்த்தன, அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறகு மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகர். கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் தீவைக் கடந்து மையித்துகள் வந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள், அவர்களில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ சகோதரர்களும் உண்டு. கப்றை ஸியாரத் செய்ய நாள் முழுக்கப் பயணம் போகும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். சொந்த ஊரில் அடக்க 2022 மார்ச் வரை காத்திருந்தோம்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்றது. அடக்குவதா எரிப்பதா என்பதைத் தெரிவு செய்யும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவருவதாகவும் சொன்னது. மன்னிப்பைவிட இந்தச் சட்டத்தின் வாசகம்தான் எனக்கு முக்கியம். வெறுமனே "உரிமை உண்டு" என்று எழுதினால் போதாது. 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அதன் ஒழுங்குவிதிகளிலோ என்ன கூறப்பட்டிருந்தாலும் இது மேலோங்கும் என்று இருக்க வேண்டும். 61அ எங்களை அடித்தது "என்ன இருந்தாலும்" என்ற இதே சொல்லாலேதான். அடக்கும் இடத்தையும் அதில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கொள்ளைநோயில் இன்னொரு மஜ்மா நகர்தான்.

போன மாதம் காக்காவைக் கண்டபோது, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்: அமைச்சருட்டத்தான் கேக்கணும். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மந்திரி மாறினா?"