ஜப்பான் பக்கம் உட்கார்ந்தால்

மைசூரு, கட்டங்களில் காய் நகர்த்துவதைக் கலையாகவே வளர்த்த ஊர். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) புதிய ஆட்டங்களைத் தாமே வடிவமைத்தார். அவர் காலத்தில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்ற நூலின் 'கௌதுக நிதி' பகுதியில் விளையாட்டுகளும் இடம்பெறுகின்றன. ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் அந்த மரபை இன்றும் கண்காட்சிகள் மூலம் மீட்டெடுத்து வருகிறது. அந்த ஊரின் ஆட்டப்பிரியர்கள் அவசியம் ஆடிப் பார்க்க வேண்டியது வரலாற்றுக் கடற்போர் விளையாட்டு. அதிலும் இரண்டாம் உலகப் போரின் ஜப்பான் பக்கம்.

2009இல் வெளியான 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' என்ற கணினி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தின் ஒவ்வோர் அறுகோணமும் 40 மைல். ஒரு நகர்வு என்பது ஒரு நாள். நேச நாடுகளின் பக்கம் ஆடுபவருக்குக் கப்பல்களும் விமானங்களும் தேதி தவறாமல் வந்து சேரும். ஜப்பான்காரரோ எந்தத் தொழிற்சாலையில் எந்த விமானம் செய்வது, எந்தக் கப்பலைக் கட்டுவது என்று எல்லாவற்றையும் தாமே முடிவுசெய்ய வேண்டும்.

அதற்கெல்லாம் அடிப்படை எண்ணெய். 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் தருவதை நிறுத்தியதுதான் ஜப்பானைப் போருக்குத் தள்ளிய முக்கியக் காரணங்களில் ஒன்று. சுமத்ராவின் பாலெம்பாங்கைப் பிடித்தால் மட்டும் போதாது. அங்கிருந்து எண்ணெய் ஜப்பான் வந்து சேர வேண்டும். எதிரி நீர்மூழ்கிகள் வழியிலேயே காத்திருக்கும். போர்க்கப்பல்களை அணிவகுக்க வைத்து அழகு பார்ப்பவரைவிட, எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் போடுபவரே நீண்டநாள் தாக்குப்பிடிப்பார்.

நம் கடலும் அந்த வரைபடத்தில் உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் 'ஹெர்மீஸ்' விமானந்தாங்கி மூழ்கடிக்கப்பட்டது. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். இலங்கையைப் பிடித்திருக்கலாமே என்ற ஆசை ஆடுபவருக்கு வந்தே தீரும். ஜப்பானியக் கடற்படைக்கும் அந்த யோசனை இருந்தது. தரைப்படைதான் துருப்புகள் தர மறுத்துவிட்டது.

ஜப்பானியத் தளபதிகளும் போர் விளையாட்டு ஆடியவர்கள்தான். 1942 மே மாதம் 'யமாட்டோ' கப்பலில் மிட்வே தீவின் மீதான தாக்குதலை மேசைமேல் ஒத்திகை பார்த்தார்கள். பகடைப்படி ஒன்பது குண்டுகள் விழுந்து 'அகாகி', 'காகா' இரண்டும் மூழ்க வேண்டும். ஒத்திகைக்குத் தலைமை வகித்த உகாகி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். 'காகா' மட்டும் மூழ்கியது. பிறகு அதுவும் அடுத்த ஆட்டத்தில் திரும்பச் சேர்க்கப்பட்டது என்று கடற்படை விமானி புச்சிடா எழுதியிருக்கிறார். அடுத்த மாதமே மிட்வேயில் இரண்டும் உண்மையாகவே மூழ்கின, இன்னும் இரண்டு விமானந்தாங்கிகளோடு.

வியூகத்தைக் கற்பிப்பதில் இந்த ஆட்டத்துக்கு ஈடு குறைவு. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த பல்லாயிரம் தமிழர்களின் துயரம் எந்தக் கட்டத்திலும் தெரியாது. ஆடத் தொடங்குமுன் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை ஒருமுறை படித்துவிடுங்கள்.