ஸ்தல சுயாட்சி: இரண்டு ஊர்களின் வழக்கு

தமிழ்நாட்டு சர்க்காரின் முத்திரையில் விளங்குவது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பர். அம்முத்திரையிட்ட உத்தரவு வரும்வரை அவ்வூர் நகரசபையே கைகட்டி நிற்க நேர்வது விந்தையன்றோ?

1882-ஆம் வருஷம் மே மாதம் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், ஸ்தல ஸ்தாபனங்களை ஜனங்களுக்கு ராஜீயப் பயிற்சி அளிக்கும் கருவியாகவே முதன்மையாகக் கருதியது. அன்னிய ஆட்சியின் பிரதிநிதி ஒப்புக்கொண்ட நியாயத்துக்குச் சுதந்திர சர்க்கார்கள் தயங்குவானேன்?

இவ்விஷயத்தில் ராஜபாளையத்திற்குப் பேச விசேஷ பாத்தியதை உண்டு. அவ்வூர்ப் பஞ்சாயத்தில் பொதுவாழ்வைத் தொடங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா 1949-இல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார். அவர் காலத்தில் நிறைவேறியதே 1950-ஆம் வருஷத்துக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். ஐந்நூறு ஜனங்கள் வாழும் கிராமத்துக்கும் பஞ்சாயத்து வேண்டுமென்றது அது. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரே தோல்வியுற்றார். அதிகாரம் வாக்காளரிடம் இருந்ததற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள், ஐந்தாண்டு முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டுமென விதித்தன. நடந்தது என்ன? நகரசபைகளின் காலம் 2016 அக்டோபரில் தீர்ந்தது. தேர்தலோ 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. ஒரு சபையின் முழு ஆயுளுக்கும் மேலாக, இரண்டு ஊர்களிலும் தனி அதிகாரியே சபை, அவரே தலைவர். தெருவுக்குத் தண்ணீர் வராவிட்டால், ஆறாம் மைல் நீர்த்தேக்கத்தைப் பற்றி யாரிடம் கேட்பது? செண்பகத்தோப்பைப் பற்றி யாரிடம் முறையிடுவது? வாக்குக் கேட்டு வந்தவரிடம் கேட்கலாம். உத்தியோக மாற்றத்தில் வந்தவரிடம் விண்ணப்பிக்கத்தான் முடியும்.

ஒதுக்கீட்டுக் குறையினால் 2016 தேர்தல் அறிவிப்பை ஹைகோர்ட் ரத்துச் செய்தது மெய்யே. ஆனால் குறையைத் திருத்த ஐந்தாண்டா? இயற்கை உற்பாதம் போன்ற அசாதாரண நிலையன்றி உரிய காலத்துத் தேர்தலைத் தள்ளலாகாதென்று 2006-இலேயே கிஷன் சிங் தோமர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருந்தது.

கிராமங்களின் கதியும் இதுவே. 2025 ஜனவரி 5-ஆம் தேதி விருதுநகர் உள்ளிட்ட 28 ஜில்லாக்களில் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. மீண்டும் தனி அதிகாரிகளே நியமனமாயினர்.

தேர்தல் நடந்தால் மட்டும் போதுமா? 1994-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு, ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்கு வழங்கியது. அப்பிரிவை எடுத்துவிட்டு, அவ்விசாரணையை ஒரு நியாயஸ்தலத்திடம் ஒப்படைக்கும் மசோதாவைக் கொண்டுவருமாறு நம் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்களை வற்புறுத்துகிறோம்.