வயிற்றுக்குள் இருப்பது நுரையீரலுக்குப் போகும், தெரியுமா?

ராத்திரி படுத்ததும் இருமல். எழுந்து உட்கார்ந்தால் அடங்குகிறது, சாய்ந்தால் மறுபடி தொடங்குகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இந்த இருமலுக்குக் காரணம் வயிற்றில் இருக்கலாம், தெரியுமா?

சோற்றுக்கும் காற்றுக்கும் நம் தொண்டையில் ஒரே வாசல்! ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்கிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது, உணவு பின்னால் இறங்குகிறது. ஒரு பருக்கை வழி தவறினாலே புரையேறிக் கண் கலங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார்.

அந்த வாசலில் வழி தவறியதால் மூன்று உயிர்கள் போன இடம் அந்தமானில் இருக்கிறது, தெரியுமா? 1933 மே மாதம், போர்ட் பிளேயர் செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மனிதர்களாக நடத்துங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. சிறை நிர்வாகம் அவர்களை அமுக்கிப் பிடித்து, மூக்கு வழியே ரப்பர் குழாய் செருகிப் பால் ஊற்றியது. திமிறுகிற மனிதனின் தொண்டையில் குழாய் உணவுக்குழாய்க்குள் போகிறதா, மூச்சுக்குழாய்க்குள் போகிறதா, யாருக்குத் தெரியும்? லாகூர் சதி வழக்கில் தண்டனை பெற்ற, பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங்குக்குப் பால் நுரையீரலுக்குள் போனது. மே 17 அன்று இறந்தார். மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா இருவரும் அதே கட்டாய உணவூட்டலுக்குப் பின் நிமோனியாவில் அதே மாதம் இறந்தார்கள். சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் மூவருக்கும் சிலைகள் இருக்கின்றன. போகிறவர்கள் அவசியம் நின்று பெயர்களைப் படியுங்கள்!

இன்னொன்று தெரியுமா? அந்தச் சிறை வளாகத்திலேயே 1963-இல் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை அமைந்தது. இன்று தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை அதுதான். மூச்சு முட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு ஓடுவது இப்போது அங்கேதான்.

இன்று மருத்துவமனையில் மூக்கு வழியே உணவூட்டும் குழல் போட்டால், நர்ஸ் முதலில் ஊசிக்குழாயால் கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி, அமிலம் காட்டும் தாளில் தொடுவார். அமிலம் என்று நிறம் காட்டினால் குழல் வயிற்றில்தான் இருக்கிறது! சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டு உணவும்.

காப்பாற்றும் அதே அமிலம் நுரையீரலை என்ன செய்யும்? 1946-இல் நியூயார்க் மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் எழுதியதைக் கேளுங்கள். 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு, மயக்க மருந்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. முயல்களிடம் சோதித்தார். அமிலம் கலந்த திரவம் போனால் ஆஸ்துமா போலவே கடும் மூச்சிரைப்பு. அமிலத்தை முறித்த திரவம் போனால் அந்தச் சேதம் இல்லை! வயிற்றுக்குச் சளிப் படலம் கவசமாக இருக்கிறது. நுரையீரலின் காற்றுப்பைகளுக்கோ, மைக்ரான் அளவுக்கும் குறைந்த மெல்லிய சுவர்தான். அறுவை சிகிச்சைக்கு முன் சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பது இதனால்தான்.

எதுக்களிப்பு நோயில் இதே விஷயம் துளித்துளியாக நடக்கலாம். உணவுக்குழாயின் அடிவாசல் தளர்ந்து, படுத்திருக்கும்போது அமிலம் மேலேறி, மூச்சுக்குழாயில் கசிகிறது. இருமல், குரல் கரகரப்பு, மூச்சிரைப்பு, சிலருக்குத் திரும்பத் திரும்ப நிமோனியா. வலது மூச்சுக்கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் வலது நுரையீரல்தான் அடி வாங்கும்! அமிலம் நுரையீரலைத் தொடவே வேண்டாம் என்பது அதைவிட வியப்பு. கருவில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒரே குழாயிலிருந்து பிரிந்தவை, இரண்டுக்கும் வேகஸ் நரம்பு பொது. உணவுக்குழாயின் அடியில் எரிந்தாலே போதும், மேலே மூச்சுக்குழாய் சுருங்கி இருமல் கிளம்பும். நெஞ்செரிச்சல் துளியும் இல்லாமல் இருமல் மட்டும் வருகிறவர்களும் உண்டு. ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையே அந்த அடிவாசலைத் தளர்த்தும் என்றால் நம்புவீர்களா?

அதற்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆஸ்துமா மருந்தாக நினைத்து வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். எதுக்களிப்பு அறிகுறி இல்லாத ஆஸ்துமா நோயாளிகளுக்கு அது பலன் தரவில்லை என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. எளிய வழிகள் இருக்கின்றன. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள், தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடத்தான் செய்யும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள், வயிற்று அமிலம் உணவுக்குழாய் வாசலுக்குக் கீழே நின்றுகொள்ளும். எடையையும் புகையையும் குறையுங்கள்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். அதில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம், இருமல் மட்டும் விடவில்லை என்றால், டாக்டரிடம் உங்கள் வயிற்றைப் பற்றியும் சொல்லுங்கள்.